நடந்து போட்ட கால அட்டவணை

என் மனைவி மேடையிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள் என்று சொன்னால், கேட்பவர்கள் நாடகமா நடனமா என்று விசாரிக்கிறார்கள். இரண்டும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் கணக்கு டீச்சர். எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் எந்த ஆசிரியர் போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலையும் பன்னிரண்டு வருடமாக அவள் தலையில்தான். வேறு யாராவது என்றால் மேஜை முன்னால் உட்கார்ந்து போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டு அம்மணி உட்கார்ந்தால் மூளை படுத்துவிடும். கோடை விடுமுறையில் பள்ளியின் பெரிய ஹாலைத் திறக்கச் சொல்லி, தரையில் சாக்பீஸால் ஐந்து நாளுக்கு ஐந்து பட்டை கிழித்து, ஆசிரியருக்கு ஒரு நிறமாக வெட்டிய அட்டைகளைப் பரப்பி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் நடப்பாள். செவ்வாயைத் தாண்டிப் புதனுக்குள் கால் வைக்கும்போதே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடுமாம். இந்த முறை மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று மேடை மேல் ஏறியிருக்கிறாள். கண் முழுக்கத் தரையில், கால் மேடை ஓரத்தில். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனவள் மேடை முடிந்ததைக் கவனிக்கவில்லை. வியாழனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடிப்பதற்குள், துப்புரவு செய்ய வந்த அம்மா அட்டைகளை எல்லாம் கூட்டி அள்ளி ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, பத்திரமாகக் கொடுத்தனுப்பிவிட்டார். மூன்று வார வேலை அந்தப் பையில் கலந்து கிடந்தது.

நடந்தால்தான் யோசனை வரும் என்று ஒருத்தி சொன்னால் ஊர் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். நான் வீடு மாற்றிக்கொடுக்கிறவன். சொந்தமாக ஒரு லாரி, ஏற்றி இறக்க இரண்டு ஆள். அலமாரி வாசலில் நுழையுமா என்று வீட்டுக்காரர்கள் டேப் வைத்து அளந்து அளந்து குழம்பிக்கொண்டிருப்பார்கள். நான் அளப்பதில்லை. ஒரு பக்கத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றால் தோளே சொல்லிவிடும், சாய்க்கணுமா, திருப்பணுமா, கதவையே கழற்றணுமா என்று. எனக்குத் தோள், அவளுக்குக் கால். கல்யாணம் ஆன புதிதில் இதைக் கண்டுபிடித்தபோது ஜாதகப் பொருத்தத்தைவிட இது பெரிய பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் புதிதாக வந்த ஹெட்மாஸ்டருக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. நல்ல மனிதர்தான், பிஸ்கட் பாக்கெட்டோடு பார்க்க வந்தார். "நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர். இதுக்கெல்லாம் இப்ப சாஃப்ட்வேர் இருக்கு, அரை மணி நேர வேலை" என்றார். பன்னிரண்டு வருடம் நடந்தவளைப் பார்த்து அரை மணி நேர வேலை என்கிறார். பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், அதற்குள் என் மச்சான் பிரித்துவிட்டான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மாடி வீட்டில் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. அந்த சாஃப்ட்வேரை அவனே மடிக்கணினியில் போட்டு, அக்காவிடம் ஒவ்வொரு விதியாகக் கேட்டுக் கேட்டு ஏற்றினான். அது ஒரு நிமிஷம் சுற்றிவிட்டு, சிவப்பு எழுத்தில் 'தீர்வு இல்லை' என்றது. மறுபடி தட்டினான். மறுபடியும் தீர்வு இல்லை.

காரணம் கெமிஸ்ட்ரி டீச்சர்.

அவர் தனி ஆள். அதைச் சொல்லி யாரும் உச்சுக் கொட்ட முடியாதபடி வாழ்ந்தவர். காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது வெளியே நிற்கிற முதல் ஆள் அவர்தான் என்று மனைவி சொல்வாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். வேறு நேரம் கேட்டால் ஆறு மாதம் காத்திருங்கள் என்றார்களாம்.

பள்ளியிலோ மூன்றாவது மாடியில் இருக்கிற கெமிஸ்ட்ரி லேப் மத்தியானம்தான் நடக்கும். ஐந்து பெரிய வகுப்புக்கு ஐந்து மத்தியானம், நாளுக்கு ஒன்று. உள்ளே ஆசிட் இருப்பதால் அவரைத் தவிர வேறு யாரும் பொறுப்பில் நிற்க முடியாது. இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது இரண்டு மத்தியானம். ஐந்து வகுப்பை இரண்டு மத்தியானத்தில் நுழைக்க வேண்டும்.

ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிறு மத்தியானத்துக்குள் அட்டவணை வேண்டும், திங்கள் பள்ளி திறக்கிறது. அதில் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இடம் இருந்தால் வரட்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் முழுக்கச் சம்பளமில்லாத விடுப்பு. வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம்.

"வீட்ல உக்காந்தா அவங்க அவ்வளவுதாங்க" என்றாள் மனைவி. "மெஷின்ல படுக்கிறது மூணு நாளு. மிச்ச நாலு நாளும் அதையே நெனச்சுட்டுப் படுத்திருப்பாங்க."

சனிக்கிழமை முழுக்க அவள் கட்டிலில் படுத்தபடியே போராடினாள். அட்டைகளைப் போர்வை மேல் பரப்பினாள், மூச்சு விட்டாலே வியாழக்கிழமை சரிந்தது. சுவரில் ஒட்டிக் கொடுத்தேன், கழுத்து வலித்தது. மச்சான் மடிக்கணினியை வயிற்று மேல் வைத்தான், அது சூடாக இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். சாயங்காலம் அழுதே விட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. கால் போனா தலையும் போயிடும்போல."

"சும்மா படு. உன்னால ஆனத பண்ணிட்ட" என்று கத்திவிட்டேன். கோபம் அவள் மேல் இல்லை. பதினெட்டு வருடத்தில் அவள் தோண மாட்டேங்குது என்று சொல்லிக் கேட்டதே இல்லை, அதில் எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு லாரியிலிருந்து சக்கரப் பலகையை இறக்கிக்கொண்டு வந்தேன். ஃப்ரிட்ஜ் தள்ளுகிற பலகை, நாலு சக்கரம். அதன் மேல் கை வைத்த நாற்காலியை வைத்துக் கயிறு போட்டு இறுக்கினேன். முன்னால் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் தலையணை, அதன் மேல் மாவுக்கட்டு.

"மாமா, அக்காவ என்ன ஃப்ரிட்ஜுன்னு நெனச்சீங்களா?" என்றான் மச்சான்.

"ஃப்ரிட்ஜ் இவ்வளவு திட்டாது மாப்ள. கால் தரையில படக்கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னார். வீட்டுக்குள்ள உலாத்தக்கூடாதுன்னு சொல்லல."

மெதுவாக ஒரு தள்ளு தள்ளினேன். ஹாலிலிருந்து படுக்கையறை, படுக்கையறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி. இரண்டாவது சுற்றில் அவள் முகம் மாறியது. மூன்றாவது சுற்றில் விரலால் காற்றில் எதையோ நகர்த்த ஆரம்பித்தாள்.

"அட்டை போதாது. ஆள் வேணும்" என்றாள்.

ஆளுக்கா பஞ்சம்? என்னிடம் வேலை பார்க்கிற இரண்டு பேரையும் போன் போட்டு வரவழைத்தேன். ஒருத்தன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி, அவனுக்குப் பேர் பீரோ. இன்னொருத்தன் குள்ளம், ஆனால் எத்தனை கனத்தையும் தாங்குவான், அவன் ஸ்டூல். பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவாக இரண்டு பேரையும் ஹாலில் நிறுத்தினாள். பதினொன்று மச்சான், இடம் படுக்கையறை. ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் ஆள் இல்லாமல் பிளாஸ்டிக் நாற்காலி. பால்கனி விளையாட்டு மைதானம். சமையலறை லேப். மணி அடிப்பது நான், ஒரு தட்டும் கரண்டியும்.

"அண்ணி, நான் ஏழாவதோட நின்னவன். நேரா பத்தாவது போட்டுட்டீங்க" என்று பீரோ கூச்சப்பட்டான்.

முதலில் இரண்டு பத்தாம் வகுப்பையும் ஒரே மத்தியானத்தில் லேபில் சேர்த்துவிட முடியுமா என்று பார்த்தாள். பீரோவும் ஸ்டூலும் சமையலறைக்குள் போனார்கள். ஸ்டூல் திரும்பினான், முழங்கை பட்டு ஒரு டம்ளர் உருண்டது. "வெளிய வாங்க" என்றாள் உடனே. "அறுபது பிள்ளைங்க, கையில ஆசிட். நெனச்சுக்கூடப் பார்க்க முடியாது." காகிதத்தில் அறுபது என்பது ஒரு எண்தான். சமையலறையில் அது இரண்டு முழங்கையாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கெமிஸ்ட்ரி டீச்சர் நின்றார். கையில் ஆரஞ்சுப் பழப் பை, தோளில் கைப்பை. போன வருடம் பார்த்ததில் பாதியாக இருந்தார். சக்கரப் பலகையில் என் மனைவி, கையில் தட்டோடு நான், ஹாலில் விறைப்பாக இரண்டு பத்தாம் வகுப்பு. எதையும் கேட்காமல் செருப்பைக் கழற்றினார்.

"உடம்ப வருத்திக்காதீங்க டீச்சர். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்று கைப்பையைத் திறக்கப் போனார்.

"முடிவெல்லாம் அப்புறம்" என்றாள் மனைவி, வகுப்பில் பேசுகிற குரலில். "இப்ப நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இவ்வளவு நேரம் உங்க எடத்துல ஒரு ஆரஞ்சு அட்டைய வச்சுட்டு இருந்தேன். நீங்களே நடந்து காட்டுங்க. திங்கக்கிழமை. காலைல ஸ்கூலுக்குள்ள நுழையறதுலேர்ந்து, வழக்கமா எப்படியோ அப்படியே."

அவர் சிரித்தார். நோயாளியிடம் யாரும் இப்படி அதட்டி வேலை வாங்கியிருக்க மாட்டார்கள்போல. கைப்பையை நாற்காலியில், அதாவது ஒன்பதாம் வகுப்பின் மேல், வைத்தார். வாசலுக்குப் போய் நின்று மறுபடி உள்ளே வந்தார். நான் மணி அடிக்கக் கரண்டியை ஓங்கினேன்.

"இருங்கண்ணா, இன்னும் மணி ஆகல" என்றபடி நேராகச் சமையலறைக்குள் போனார்.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தொட்டியில் கிடந்த எங்கள் வீட்டு டீ டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரலை உள்ளே விட்டுச் சுழற்றிக் கழுவி, மேடையில் துணி விரித்து வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "ஐயோ, அதெல்லாம் விடுங்க, நான் கழுவிக்கறேன்" என்றேன்.

மனைவி என் கையைப் பிடித்தாள். "தள்ளுங்க. உள்ள தள்ளுங்க."

சமையலறை வாசல் வரை தள்ளினேன்.

"டீச்சர், அங்க என்ன பண்றீங்க?"

"இது லேப்தானே? காலைல வந்ததும் மொதல்ல ட்யூப், பீக்கர் எல்லாம் கழுவிக் கவுத்துட்டுத்தானே கீழ எறங்குவேன்."

"எதுல கழுவுவீங்க?"

"குழாய்லதான்."

"காலைலயா? காலைல மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறாதே."

கெமிஸ்ட்ரி டீச்சர் ஈரக் கையோடு திரும்பினார். "யாரு சொன்னா? நல்லா வருதே. பெரிய டேங்க் வச்சதுலேர்ந்து எப்ப தொறந்தாலும் வருது. ஆறு வருஷம் இருக்குமா?"

மனைவி மாவுக்கட்டை மறந்து எழுந்திருக்கப் பார்த்தாள், தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

விஷயம் இதுதான். என் மனைவி முதன் முதலாக அட்டவணை போட்ட வருடம், அப்போது இருந்த ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கிறார்: மோட்டார் காலையில் போட்டால் மத்தியானம்தான் மூன்றாவது மாடித் தொட்டி நிறையும், லேபை மத்தியானம் வையுங்கள். அவளும் வைத்தாள். வருடா வருடம் சாக்பீஸ் கோடு கிழித்ததும் முதலில் லேப் அட்டைகளை மத்தியானத்தில் வைத்துவிட்டுத்தான் நடக்கவே தொடங்குவாள். அவற்றைச் சுற்றி நடந்திருக்கிறாளே தவிர, அவற்றின் மேல் கால் வைத்ததே இல்லை. மச்சானிடம் சொன்ன முதல் விதியும் அதுதான். பாவம் அந்தக் கம்ப்யூட்டர், சொன்னதை நம்பிவிட்டு இரண்டு நாளாகத் தீர்வு இல்லை, தீர்வு இல்லை என்று கதறிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்புறம் ஏன் டீச்சர் இத்தனை வருஷமா காலைல லேப் வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள் மனைவி.

"நீங்க மத்தியானம் போட்டிருந்தீங்க. நீங்க போட்டா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவர் மேல் ஒருவர் வைத்த மரியாதை, ஆறு வருடம் ஒரு கேள்வி கேட்கவிடவில்லை. ஒரு அறைக்குள் சேர்ந்து நின்று குழாயைத் திறந்த பிறகுதான் வெளியே வந்தது.

ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டோம். அவர் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. "இத்தனை வருஷமா மத்தியானம்னா சும்மாவா வச்சிருப்பாங்க?" என்றார். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, வாட்ச்மேனையும் அதே அழைப்பில் சேர்த்து, மேலே போய்ப் பார்க்கச் சொன்னார். மணி பத்தரை. போனை ஸ்பீக்கரில் போட்டு, பன்னிரண்டாம் வகுப்பு நாற்காலியின் மேல் வைத்தேன். அதைச் சுற்றி எல்லாரும் நின்றோம்.

வாட்ச்மேன் படி ஏறுவது கேட்டது. ஒரு மாடி. இரண்டாவது மாடியில் நின்று இருமினார். சாவிக்கொத்துக் குலுங்கியது. கதவு கிரீச்சிட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு கணத்தில் கெமிஸ்ட்ரி டீச்சரின் முகத்தைப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்று பட்டது. அவ்வளவு ஆசையை ஒரு மனுஷியின் முகத்தில் நான் பார்த்ததில்லை.

தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தது.

"வருதுங்க ஐயா, நல்லா வருது" என்றார் வாட்ச்மேன் மூச்சு வாங்க. "தெனமும் காலைல கெமிஸ்ட்ரி டீச்சரம்மா இதுலதானே கழுவுறாங்க. என்கிட்டக் கேட்டிருந்தா கீழ நின்னே சொல்லியிருப்பேனே."

"மொதல்ல மூடச் சொல்லுங்க சார், தண்ணி வீணாகுது" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி டீச்சர். அட்டவணைய பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். பிஸ்கட் விஷயத்தில் அவரை மன்னித்தேன்.

அதன் பிறகு என் தோள் கழன்றுபோகிற அளவுக்குத் தள்ள வேண்டியிருந்தது. மூன்று லேபைக் காலைக்குக் கொண்டுவந்தால் காலையில் இருந்த மூன்று வகுப்பு மத்தியானத்துக்கு நகர வேண்டும். பீரோ பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்து வேர்த்துவிட்டான். திங்கள் ஒத்துக்கொண்டது, புதன் கொஞ்சம் முரண்டு பிடித்து வழிக்கு வந்தது. வெள்ளி மட்டும் அசையவில்லை. இரண்டு முறை அவளை ஹாலுக்குத் தள்ளினேன், இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

அந்த இடம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு வகுப்பு கிடையாது; காலையில் இருக்கிற அவள் கணக்கு வகுப்பை அங்கே நகர்த்தினால்தான் லேபுக்கு இடம். இத்தனை வருடம் இந்த வேலைக்கு அவள் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே கூலி அதுதான். அன்றைக்கு நானும் சவாரி எடுக்க மாட்டேன். இரண்டு பேரும் லாரியில் ஏறி எங்கேயாவது போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். எனக்கு அந்த வாரத்தில் பிடித்த நேரம் அது. அது போகிறது என்றதும் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னங்க?"

"அலமாரி நுழையலன்னா கதவக் கழட்ட வேண்டியதுதான்" என்றேன். "சனிக்கிழமையும் டீ கெடைக்கும்."

அவள் தன் நீல அட்டையை எடுத்து வெள்ளி மத்தியானத்தில் வைத்தாள். வெள்ளி காலை காலியானது.

இப்போது காலை லேபுக்குப் புதிதாக மூன்று அட்டை வேண்டும். பையில் ஒரு துண்டு அட்டைகூட மிச்சமில்லை. மச்சான் மாடிக்குப் போய்க் காகிதம் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினான்.

"இருங்க, எங்கிட்ட இருக்கு" என்று கெமிஸ்ட்ரி டீச்சர் ஒன்பதாம் வகுப்பின் மேலிருந்த கைப்பையைத் திறந்தார். ஒரு நீளமான உறை. அதற்குள் நாலாக மடித்த வெள்ளைத் தாள். பிரித்து, எழுதாத பக்கத்தை மேலே வைத்து என் மனைவியிடம் நீட்டினார்.

மனைவி கத்தரிக்கோலால் நேராக வெட்டினாள், மூன்று துண்டு. ஒவ்வொன்றிலும் 'லேப், காலை' என்று எழுதி, ஆரஞ்சுக் கலரில் ஒரு கோடு போட்டாள். வெள்ளிக்கிழமைத் துண்டை ஸ்டூல் கையில் கொடுக்கும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. 'என் உடல்நிலை காரணமாக இந்த ஆண்டு முழுவதும் எனக்கு' என்பது வரைதான் அந்தத் துண்டில் இருந்தது.

தட்டை எடுத்து மணி அடித்தேன். ஸ்டூல் அந்த அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்பாகச் சமையலறைக்குள் போய் நின்றான்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை மொத பீரியட்" என்றாள் என் மனைவி. "பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்க, போங்க."

கெமிஸ்ட்ரி டீச்சர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.